அகதி என்னும் சொல்லும் 1971 தந்த விடையும்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் சொற்பொருள் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘கதி’ என்பதற்கு வழி, புகல், நிலை என்னும் பொருள்களைக் கூறி, அவை இல்லாதவரே ‘அகதி’ எனக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் தமிழகத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தன் பாட்டி முகாமுக்கு வந்த மறுமாதமே கூலி வேலைக்குப் போனவர் என்றும், அந்தக் கூலியில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் என்றும் சொன்னாள். அவரைக் கதியற்றவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். கேள்வியில் சினம் இல்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. நான் வடமொழி முன்னொட்டை இன்னொரு முறை விளக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றேன். அவளுக்கு விடை சொல்லவில்லை என்பதை மாலையில் வீடு திரும்பும்போதுதான் உணர்ந்தேன்.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்கப்பெற்றபோது, அன்று சொல்லாமல் விட்ட விடையையே எழுதலாம் என்று தோன்றியது. நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளில் ‘அகதி’ பலமுறை வந்து போயிருக்கிறது. கண்ணீர், நிழல், முள்வேலி, கிழிந்த கூடாரம் என்பவற்றோடு சேர்ந்தே அது வரும். அவ்வாறு எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. சொல்லை எடைபோடுவதற்கு முன், அச்சொல்லால் சுட்டப்பட்ட மாந்தர் வரலாற்றில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே முறை. அதற்கு நான் எடுத்துக்கொள்வது, 1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த ஏறத்தாழ ஒரு கோடி மக்களின் வரலாறு.

ஐந்து பைசாத் தலை

அவ்வரலாற்றை நான் நூலகத்தில் தேடிச் சென்று அடையவில்லை. என் பாட்டி மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் பழைய கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது. அதில் 1972 சனவரியில் என் பெரியப்பா எழுதிய கடிதம் ஒன்று. நெல் விலை, அத்தையின் பிரசவம், வரவேண்டிய சீட்டுப் பணம் என வீட்டுச் செய்திகளே அதில் இருந்தன. உறையின்மேல் வழக்கமான அஞ்சல்தலைக்குப் பக்கத்தில் ஐந்து பைசாவுக்கான சிறிய தலை ஒன்றும் ஒட்டப்பட்டிருந்தது. அது அளவான குடும்பத்தை வலியுறுத்த வெளியிடப்பட்ட தலை. அதன்மீது ‘அகதி நிவாரணம்’ என்னும் பொருளுடைய சொற்கள் மேலச்சிடப்பட்டிருந்தன. கடிதத்துக்குள் அகதிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை இந்தியாவில் அஞ்சல் எழுதியோர் இந்த ஐந்து பைசாவைக் கூடுதலாகச் செலுத்தினர். தொடர்வண்டிக் கட்டணத்திலும் வானூர்திக் கட்டணத்திலும் நாளிதழின் விலையிலும் இதே காரணத்துக்காகச் சிறு சுமைகள் ஏற்றப்பட்டன. வங்காளத்தைக் கண்ணால் காணாத தமிழகத்துச் சிற்றூர்க்காரரும், எதற்கென்று முழுவதும் அறியாமலே, அந்த ஒரு கோடிப் பேருக்கு ஒரு கவளச் சோறு அளித்திருக்கின்றனர். என் பெரியப்பா அந்தத் தலையை ஒட்டிய மாதத்தில் அம்மக்கள் சாரி சாரியாகத் தம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

எல்லை கடந்தோர்

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானின் கடலோரத்தைப் பெரும்புயல் தாக்கியது. மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார். அவர்களுக்குப் போதிய உதவி வரவில்லை என்னும் மனக்கசப்பு ஆறாதிருந்த நிலையில், டிசம்பர் 7ஆம் நாள் பொதுத்தேர்தல் நடந்தது. கிழக்குப் பகுதிக்குரிய 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. நாடாளுமன்றத்தில் அதற்கே பெரும்பான்மை. ஆயினும் ஆட்சி கைமாறவில்லை. 1971 மார்ச் 25ஆம் நாள் இரவில் டாக்காவில் இராணுவம் தன் நடவடிக்கையைத் தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகளும் காவலர் குடியிருப்புகளும் குடிசைப் பகுதிகளும் அவ்விரவில் குண்டுகளுக்கு இரையாயின.

அதன்பின் மக்கள் நடக்கத் தொடங்கினர். மே மாத இறுதியில் நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்தனர். இந்திய அரசின் கணக்குப்படி ஆண்டிறுதியில் வந்தோர் தொகை 98.99 இலட்சம். இவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். முஸ்லிம்களும் இலட்சக்கணக்கில் வந்தனர். மேற்கு வங்கத்தில் 74.93 இலட்சம், திரிபுராவில் 14.16 இலட்சம், மேகாலயத்தில் 6.68 இலட்சம், அசாமில் 3.13 இலட்சம் எனத் தங்கினர். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திரிபுராவின் மொத்த மக்கள்தொகையே 15.56 இலட்சந்தான். வீட்டுக்காரரின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய நிகராக விருந்தினர் வந்து சேர்ந்த நிலை அது. பள்ளிக்கூடங்கள் தங்குமிடங்களாயின. அரிசி விலை ஏறிற்று. உள்ளூர்க் கூலி சரிந்தது.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அன்றும் கையொப்பமிடவில்லை, இன்றும் இடவில்லை. ஆயினும் எல்லை திறந்திருந்தது. ஏப்ரல் 23ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையிடம் இந்தியா உதவி கோரியது. ஏப்ரல் 29ஆம் நாள் பொதுச்செயலர் ஊ தாண்ட், அவையின் உதவிகள் அனைத்தையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை அகதிகளுக்கான உயர் ஆணையரிடம் ஒப்படைத்தார். சத்ருதீன் ஆகா கான் அப்போது அப்பொறுப்பில் இருந்தார். அந்த அலுவலகம் இத்தகைய பொது ஒருங்கிணைப்புப் பணியை ஏற்றது அதுவே முதன்முறை. களத்தில் 825 முகாம்களை நடத்திய சுமையும் செலவின் பெரும்பகுதியும் இந்திய அரசையும் எல்லையோர மாநிலங்களையும் சார்ந்தன.

முகாம்களில் இருந்தோர் ஏறத்தாழ 68 இலட்சம். எஞ்சிய 31 இலட்சம் பேர் எங்கே இருந்தனர்? உறவினர் வீட்டுத் திண்ணையில், நண்பர் வீட்டு மாட்டுக்கொட்டகையில், முன்பின் அறியாதவரின் தோட்டத்தில். வந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரை எந்த நிறுவனமும் தாங்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் தாங்கின. நிவாரண வரலாறுகளில் இவ்வுண்மை பெரும்பாலும் ஒரு வரிக்குள் முடிந்துவிடுகிறது.

மூன்று சொற்கள்

கவிஞர்களாகிய நாம் இங்குச் சற்று நின்று சொற்களைக் கவனிக்கலாம். வங்காளியர் 1947 பிரிவினையின்போது வந்தவர்களை ‘உத்வாஸ்து’ என்றனர்; வீட்டின் அடிநிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர் என்பது அதன் பொருள். 1971இல் வந்தவர்களுக்குப் பெரிதும் வழங்கிய சொல் ‘சரணார்த்தி’. புகலிடம் வேண்டுபவர் என்பது பொருள். முன்னது இழந்ததைச் சொல்கிறது. பின்னது தேடுவதைச் சொல்கிறது. 1971 மே 24ஆம் நாள் மக்களவையில் பேசிய இந்திரா காந்தி, பிரிவினைக்குப்பின் நாம் அறிந்த பொருளில் இவர்கள் அகதிகள் அல்லர், போரினால் பாதிக்கப்பட்டுப் புகல் தேடி வந்தவர்கள் என வேறுபடுத்திக் காட்டினார். அவ்வேறுபாட்டில் இரக்கமும் இருந்தது, அரசியலும் இருந்தது: இவர்கள் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் என்பதை உலகுக்கு அச்சொற்கள் உணர்த்தின.

மூன்றாவது சொல்லைத் தெரு உண்டாக்கியது. அவ்வாண்டு கல்கத்தாவில் கண் சிவந்து நீர்வடியும் தொற்றுநோய் பரவிற்று. நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறோமே, அந்நோய்தான். அதை அகதிகள் கொண்டுவந்தார்கள் என்று கருதிய நகரத்தார், அவர்களுடைய விடுதலை முழக்கத்தையே நோய்க்குப் பெயராக்கி ‘ஜெய் பாங்ளா’ என்றனர். சோறிட்ட கையே சலித்துக்கொண்டதற்கு அச்சொல் சான்று. இரக்கத்துக்கும் சலிப்புக்கும் இடையிலுள்ள தொலைவு மிகச் சிறிது என்பதை நிவாரணத்தைப் பற்றி எழுதும் எவரும் மறைக்கலாகாது.

போன்காவ் மருத்துவமனை

கல்கத்தாவிலிருந்து எல்லையை நோக்கிச் செல்லும் ஜெசோர் சாலையில் போன்காவ் என்னும் ஊர் இருக்கிறது. 1971 சூன் மாதத்தில் மழை தொடங்கியதும் முகாம்களில் காலரா பரவியது. சூன் 24ஆம் நாள் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் தம் குழுவினருடன் அவ்வூர் மருத்துவமனைக்கு வந்தார். அவர் 1934இல் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். அம்மக்கள் விட்டுவந்த மண்ணே அவருடைய பிறந்த மண்ணும். மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டு அறைகள், பதினாறு படுக்கைகள். படுக்கை கிடைக்காதவர்கள் தரையெங்கும் கிடந்தனர். மலமும் வாந்தியும் பரவிய அத்தரையில் மண்டியிட்டுத்தான் நரம்பில் ஊசி ஏற்ற முடிந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

காலராவில் உயிரைக் கொல்வது நீரிழப்பு. சில மணி நேரத்தில் பல லிட்டர் நீரும் உப்பும் உடலைவிட்டு வெளியேறுகின்றன. அவற்றை ஈடுசெய்தால் நோயாளி பிழைப்பார். அன்று மருத்துவ உலகம் நம்பிய வழி, நம் ஊரில் ‘சலைன் ஏற்றுவது’ என்கிறோமே, அதுதான். அதற்குத் தூய்மையான நீர்மம் வேண்டும், புட்டி வேண்டும், ஊசி வேண்டும், பயின்ற கை வேண்டும். போன்காவில் ஊசி ஏற்றப் பயின்றோர் இருவரே. இருப்பிலிருந்த நீர்மமும் தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டே நாள்களில் தாம் தோற்றுக்கொண்டிருப்பதை மகலனாபிஸ் உணர்ந்தார்.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலராவைச் சமாளிக்கலாம் என்னும் அறிவு அப்போது பிறந்திருந்தது. 1953இலேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழி மருத்துவம் குறித்து எழுதியிருந்தார். குடலில் குளுக்கோசு உப்பையும் தன்னோடு உள்ளே அழைத்துச் செல்கிறது என்பதை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1968இல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் நோயாளிகளிடம் அதை மெய்ப்பித்தனர். ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் நடந்த ஆய்வு வேறு. பயிற்சி இல்லாதவர் கையில், சேற்றிலும் கூட்டத்திலும் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுப்பது வேறு. அது ஊசிக்கு ஈடாகாத இரண்டாந்தர வைத்தியம் என்றே பெரும்பாலான மருத்துவர் கருதினர்.

மகலனாபிஸ் துணிந்தார். கல்கத்தாவில் தாம் பணிபுரிந்த ஆய்வு மையத்தின் நூலக அறையில் பொட்டலம் கட்டும் வேலை நடந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இவற்றை நெகிழிப் பைகளில் இட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினர். ஒரு லிட்டர் கரைசலுக்கு ஆன செலவு பதினொரு பைசா. போன்காவில் குழாய் பொருத்திய பதினாறு லிட்டர் பீப்பாய்களில் அதைக் கரைத்து வைத்தனர். நோயாளியின் தாயோ, கணவனோ, மகளோ, பக்கத்துக் கூடாரத்துக்காரரோ குவளையில் பிடித்து, வாய்க்கு வாய் கொடுத்தனர்.

இங்கும் ஒரு சொல் வேலை செய்தது. சலைன் என்றால் ஊசி வழியே உடம்பில் ஏறுவது, அதுவே உயிர் காக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. குடிக்கும் நீரில் அந்த நம்பிக்கை இல்லை. எனவே மகலனாபிஸ் குழுவினர் கரைசலுக்கு ‘வாய்வழிச் சலைன்’ என்னும் பொருளில் ‘ஓரல் சலைன்’ எனப் பெயரிட்டனர். பெயர் மாறியதும் குவளை வாய்க்குச் சென்றது.

ஊசியை மட்டும் நம்பியிருந்த நிலையில் நோயாளிகளுள் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்தனர். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மகலனாபிஸ் குழுவினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவம் பார்த்தனர். இறந்தோர் நூற்றுக்கு 3.6 பேர். 1978இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ், உப்பும் சர்க்கரையும் சேர்ந்து குடலில் ஏறும் இக்கண்டுபிடிப்பை அந்நூற்றாண்டின் மிக முதன்மையான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று மதிப்பிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த பொட்டலம் அந்த நூலக அறையில் ஒட்டப்பட்டதன் வழித்தோன்றலே. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

மகலனாபிசின் பெருமையைச் சொல்வதற்காக மட்டும் இதை நான் விரிக்கவில்லை. மருத்துவர் இருவர் மூவாயிரம் பேருக்குக் குவளை ஏந்த இயலாது. ஏந்தியவர்கள் அகதிகள். எழுத்தறியாத, முந்தைய வாரம் வீட்டை இழந்த, சிலவேளை முந்தைய நாள் பிள்ளையை இழந்த மாந்தர் இன்னொருவர் உயிரைக் கையில் பிடித்திருந்தனர். மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அதில் முதற்பிச்சையிட்டவள் ஆதிரை என்று காப்பியம் அவள் பெயரைக் காத்துவைத்தது. போன்காவின் பீப்பாய் அள்ள அள்ளக் குறைந்தது. மறுபடியும் கரைத்து நிரப்பினார்கள். அங்கே குவளை ஏந்தியவர்களின் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை.

மூங்கில் மருத்துவமனை

போன்காவ் தனித்த நிகழ்ச்சியன்று. இங்கிலாந்தில் அறுவை மருத்துவ உயர்படிப்பில் இருந்த ஜஃபருல்லா சௌத்ரியும் எம். ஏ. மோபினும் படிப்பைவிட்டுத் திரும்பி, திரிபுராவில் மூங்கிலால் 480 படுக்கைகள் கொண்ட வங்கதேசக் கள மருத்துவமனையை அமைத்தனர். காயமுற்ற போராளிகளும் அகதிகளும் அங்கு மருத்துவம் பெற்றனர். பயின்ற செவிலியர் இல்லை. முகாம்களிலிருந்து வந்த பெண்கள் சில வாரப் பயிற்சியில் செவிலியராயினர். எளிய பெண்களுக்குப் பயிற்சியளித்தால் மருத்துவப் பணியின் பெரும்பகுதியை அவர்களே செய்வர் என்னும் பாடத்தைச் சௌத்ரி அங்கேதான் கற்றார். 1972இல் சாவாரில் அவர் நிறுவிய ‘கணசுவாஸ்த்ய கேந்திரம்’ என்னும் மக்கள் நலவாழ்வு நிலையம் அப்பாடத்தின் விளைவு.

அகதிகளுள் ஆசிரியர்களும் இருந்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏப்ரல் மாதத்திலேயே உதவிக் குழு அமைத்து அவர்களைத் தேடிப் பிடித்தனர். சில முகாம்களில் பள்ளிகள் தொடங்கின. கரும்பலகை இல்லாத இடங்களில் மண்தரை இருந்தது.

குறைகளும் வரலாறே

இவற்றைக் கொண்டு 1971இன் நிவாரணத்தைக் குறையற்ற வெற்றியாகக் காட்டினால் அது வரலாறாகாது. கல்கத்தாவை அடுத்த உப்பேரி முகாமில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் நீர்தேங்கிய நிலத்தில் நெருக்கியடித்துக் கிடந்தனர். சாக்கடை அமைக்கக் கொண்டுவந்த சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பங்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தன. அரிசிக்கான வரிசை பலநேரம் பகல் முழுவதும் நீண்டது. வரிசையில் நிற்கும் வலிமையற்ற குழந்தைகளும் முதியோரும் முதலில் மடிந்தனர். ஆகஸ்டில் முகாம்களைச் சுற்றிப் பார்த்த அமெரிக்கச் செனட்டர் எட்வர்ட் கென்னடி, தம் அரசு பாகிஸ்தானுக்கு அளித்துவந்த ஆதரவைக் கண்டிக்கும் சான்றுகளோடு திரும்பினார். அக்டோபரில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம், அன்னை தெரசா உள்ளிட்ட அறுபதின்மரின் நேர்ச்சான்றுகளைத் தொகுத்து வெளியிட்டது. ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய இசைநிகழ்ச்சியில் 2,43,000 டாலருக்கு மேல் திரண்டது. ஒரு கோடிப் பேருக்கு அது சிறு தொகை. ஆயினும் வங்கதேசம் என்னும் பெயரை அது உலகின் காதில் போட்டது.

செப்டம்பரில் அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க், வங்கக் கவிஞர் சுனில் கங்கோபாத்யாயுடன் ஜெசோர் சாலைக்குச் சென்றார். மழைவெள்ளம் சாலையை மூழ்கடித்திருந்தது. அப்பயணத்திலிருந்து பிறந்த அவருடைய நெடுங்கவிதை அச்சாலையின் பெயரையே தாங்கியது. அதன் துயரம் உலகெங்கும் படிக்கப்பட்டது. பசித்த குழந்தைகளையும் தவிக்கும் தாய்மாரையும் கவிஞர் கண்டார், கண்டதைச் சொன்னார். அது தேவையாக இருந்தது. அதே சாலையில் சில வாரங்களுக்கு முன்வரை பீப்பாயிலிருந்து நீர் பிடித்துக்கொடுத்த கைகளோ அக்கவிதையில் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துயரம் தொலைவிலிருந்து தெரியும். செயல் அருகில் சென்றால்தான் தெரியும். அருகில் செல்லும் வேலை எஞ்சியிருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இந்த ஒப்பீட்டிலிருந்து எனக்குத் தெளிவாவது ஒன்று. வந்தவர்களை வாய்களாக மட்டும் எண்ணிய இடங்களில் நிவாரணம் எப்போதும் பற்றாக்குறையாகவே இருந்தது. ஒரு கோடி வாய்க்கு எந்த அரசின் களஞ்சியமும் போதாது. வந்தவர்களைக் கைகளாக எண்ணிய இடங்களில் அதே வறுமைக்குள் உயிர்கள் பிழைத்தன. அரிசியும் மருந்தும் வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும். அவை இன்றிக் கைகள் மட்டும் எதையும் செய்யமாட்டா. ஆனால் வந்த பொருள் உயிராக மாறியது அக்கைகளின் வழியாகத்தான்.

திரும்பியவர்களும் எஞ்சியவர்களும்

டிசம்பர் 3ஆம் நாள் இந்தியா – பாகிஸ்தான் போர் மூண்டது. 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 சனவரியில் திரும்பும் பயணம் முறையாகத் தொடங்கியது. வழிச்சோறும் மருத்துவ உதவியும் இரண்டு வாரத்துக்கான உணவுப் பொருளும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. பிப்ரவரி இறுதிக்குள் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பிவிட்டனர். இராணுவ நடவடிக்கை தொடங்கி ஓராண்டு நிறைந்த மார்ச் 25ஆம் நாள், இந்தியாவில் எஞ்சியோர் ஏறத்தாழ 60,000 பேர் என அரசு கணக்கிட்டது. இவ்வளவு பெருந்திரளான மக்கள் இவ்வளவு விரைவில் வீடு திரும்பியதற்கு வரலாற்றில் ஒப்புமை அரிது. எரிந்த வீட்டுக்கும் பாழ்பட்ட வயலுக்கும் தாமாகவே நடந்து சென்றார்கள்.

ஒரு நாட்டின் விடுதலை இன்னொரு சாராரை முகாமுக்கு அனுப்பியது என்பதையும் சொல்லவேண்டும். 1947க்குப்பின் பீகார் முதலிய இடங்களிலிருந்து கிழக்கு வங்கத்துக்குச் சென்றிருந்த உருது பேசும் முஸ்லிம்களுள் ஒரு பகுதியினர் பாகிஸ்தான் படைக்குத் துணை நின்றனர். அதனால் அச்சமூகம் முழுவதும் பழி சுமந்தது. டாக்காவின் ஜெனீவா முகாம் முதலிய இடங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அடைபட்டு வாழ்ந்தனர். 2008இல்தான் வங்கதேச உயர்நீதிமன்றம் அவர்களைக் குடிமக்களாக ஏற்றது. அகதியாகும் நிலை எந்த இனத்துக்கும் தனியுரிமையன்று.

உப்பும் வெல்லமும்

போன்காவின் அறிவு அங்கேயே நின்றுவிடவில்லை. திரும்பி வந்த அகதிகளுக்கு உதவுவதற்காக 1972இல் பசலே ஹசன் ஆபேத், சில்ஹெட் பகுதியின் சுல்லா என்னும் ஊரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘பிராக்’ எனப் பெயர்பெற்று வளர்ந்தது. 1980 முதல் பத்தாண்டுகள் அவ்வமைப்பின் பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்றனர். மூவிரல் நுனியில் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர்: இவ்வளவே அவர்கள் கற்பித்த மருத்துவம். பொட்டலம் வேண்டாம், கடை வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்கள் அதைத் தம் கையாலேயே கலக்கக் கற்றுக்கொண்டனர்.

டாக்காவில் 1968இல் மெய்ப்பிக்கப்பட்ட அறிவு 1971இல் எல்லைக்கு இப்பால் அகதிகளின் கைக்கு வந்தது. பத்தாண்டுக்குள் அவர்களுடைய நாட்டு அடுக்களைகளுக்கே திரும்பிச் சென்றது. அகதிகள் இந்தியாவிலிருந்து வாங்கிச் சென்றதை மட்டும் எழுதினால் கணக்கு முடியாது. அவர்கள் உலகுக்குக் கொடுத்ததையும் எழுதவேண்டும். இன்று நம் மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பொட்டலத்தில் அவர்களுடைய பங்கும் இருக்கிறது.

மாணவிக்கு விடை

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ‘அகதி’ என்னும் சொல்லை விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. சட்டத்தின் முன் அச்சொல்லுக்குப் பயன் உண்டு. புகலிடம் கேட்கும் உரிமையை அது குறிக்கிறது. ஈழத் தமிழர் வழங்கும் ‘ஏதிலி’ என்னும் சொல்லும் ஏதும் இல்லாதவர் என்றே பொருள்படுகிறது. தமிழக அரசு 2021இல் முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. பெயர் மாற்றம் நல்லதே. ஆனால் போன்காவில் பெயருக்குப் பின்னால் ஒரு பீப்பாயும் குவளையும் இருந்தன.

நான் அன்று வகுப்பில் செய்த பிழை, சொல்லின் பகுப்பை மனிதரின் இயல்பாகச் சொன்னது. கதி இன்மை அவர்களுக்கு நேர்ந்த நிலை. அவர்களுடைய தன்மை அன்று. வழி அடைக்கப்பட்டவர்கள் என்று சொல்லியிருந்தால் அடைத்தவர் யார் என்னும் கேள்வி எழுந்திருக்கும். கதியற்றவர்கள் என்று சொன்னபோது அக்கேள்வியும் மறைந்தது, அவளுடைய பாட்டியின் உழைப்பும் மறைந்தது. நம் கவிதைகளிலும் இம்மறைப்பு நேர்கிறதா என்று நாம் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். முள்வேலியைப் பாடுவோம், வேலிக்குள் யார் யாருக்கு நீர் கொடுத்தார் என்பதையும் பாடுவோம்.

என் பெரியப்பாவின் கடித உறை இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த ஐந்து பைசா ஏறத்தாழ அரை லிட்டர் உப்புநீரின் விலை. அம்மாணவி இப்போது ஆசிரியப் பணியில் இருப்பதாக அறிகிறேன். இம்மலர் வெளிவந்ததும் ஒரு படியை அவளுக்கு அனுப்பவேண்டும். காலம் தாழ்ந்த விடைதான். அவளே படித்துத் திருத்தட்டும்.